மதியத்துக்கு நேரே காலி இடம்

அன்புள்ள அருள்,

"நீ சரியாகத்தான் கேட்டாய்" என்று அன்று நான் சொல்லவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். உள்ளே அப்பாவின் இடுப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்திருந்தாய். பள்ளி விடுதிக்குப் போன நாளுக்குப் பிறகு நீ அதைப் பிடித்தது அன்றுதான். "நான் சரியாத்தாம்மா கேட்டேன். மூணு தடவ கேட்டேன்" என்றாய். என்ன கேட்டாய் என்று நான் விசாரித்ததும், கம்ப்யூட்டர் சொன்னதை அதே குரலில், அதே இடைவெளி விட்டுத் திருப்பிச் சொன்னாய். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தப்பு உன் காதில் இல்லை, என் கையில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது, "சரி வுடு, இப்ப அத பேசாத" என்பது மட்டும். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன், உன் சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறேன், உன்னோடு மாதா கோயிலுக்கு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

இதை இப்போது எழுத வைத்தது போன ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. சென்னையிலிருந்து உனக்கு வேலைக் கடிதம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது. பார்வையில்லாதவர்களுக்காகப் பாடப் புத்தகங்களையும் படிவங்களையும் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தருகிற இடம். அங்கே புத்தகத்தில் வரும் அட்டவணைகளெல்லாம் உன் பொறுப்பு. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "போய்ட்டு வாடா. நான் என்னா கொழந்தையா, என்ன யாரு தூக்கிக்கினு போவப் போறான்" என்றார். நீ தண்ணீர் டம்ளரைத் தேடி எடுத்துக் குடித்தாய். பிறகு சொன்னாய்: "நான் எழுதிக் குடுக்கறத நம்பி எவனோ ஒருத்தன் படிப்பான்பா. நான் தப்பா கேட்டு, தப்பா எழுதி, அவனுக்கு எதுனா ஆச்சுன்னா? ஒரு தடவ பட்டது போதும். நான் போவல." உன் அப்பா என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் எழுந்து ரசம் எடுத்துவரப் போனேன். ரசம் ஏற்கெனவே உங்கள் நடுவில்தான் இருந்தது.

வாயால் சொல்ல எனக்கு வராது, அது உனக்கே தெரியும். பேச்சில் நான் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுகிறவள். அதனால் நோட்பேடில் அடிக்கிறேன். இதில் நீ அம்புக்குறியை அழுத்தி வரி வரியாகக் கேட்கலாம், நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம். கட்டம் எதுவும் இல்லை, கோடு இல்லை. நேராகக் கேட்டுக்கொண்டு போனால் போதும்.

முதலில் நான் யாரிடம் எழுதக் கற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1993இல் நீ என் வயிற்றில் இருந்தபோது திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுதினேன். அப்போது எனக்கு இருபது வயது, கல்யாணமாகி ஒரு வருடம். இரண்டாம் தாளில் 'ஸ்டேட்மென்ட்' என்று ஒன்று வரும். கிறுக்கலாகக் கொடுத்த விவரங்களைப் பத்தி பத்தியாகப் பிரித்து அட்டவணையாக அடிக்க வேண்டும். தாளின் அகலத்தில் எத்தனை எழுத்து அடங்கும் என்று எண்ணி, ஒவ்வொரு பத்தியிலும் நீளமான சொல் எது என்று எண்ணி, இதை அதிலிருந்து கழித்து, மிச்சத்தை இடைவெளியாகப் பங்கு போட்டு, ஒவ்வொரு பத்தியும் தொடங்குகிற இடத்தில் டேபுலேட்டரை நிறுத்திவைத்த பிறகுதான் முதல் எழுத்தையே அடிக்கலாம். முடித்து உருளையிலிருந்து தாளை உருவினால், எண்களெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்ததுபோல் நிற்கும். நான் போய்ச் சேர்ந்த வீட்டில் எந்தச் சன்னலைத் திறக்கலாம், எந்நேரம் விளக்கைப் போடலாம் என்பதைக்கூட வேறு யாரோ முடிவு செய்துகொண்டிருந்தார்கள். லைப்ரரியிலிருந்து எடுத்துவரும் புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துப் படித்த காலம் அது. நான் நினைத்தபடி அமைந்தது அந்த ஒரு தாள்தான். அந்த அழகுக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்பதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஜாப் டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். உன் அப்பா எடைமேடையில் லாரிகளை எடை போடுகிற வேலையில் இருந்தார். அவர் சம்பளம் போதவில்லை என்ற ஒரே காரணத்தால் என்னை வெளியே விட்டார்கள். கடை முதலாளி பாபு அண்ணனை உனக்கு நினைவிருக்கும், உனக்குக் கடலைமிட்டாய் தருவாரே அவர். அனந்தபுரத்து வியாபாரிகள் மல்லாட்டை விலைப் பட்டியல் கொண்டு வருவார்கள், எந்த ஊரில் நிலக்கடலை என்ன விலை என்று. சங்கங்கள் ஆண்டறிக்கை கொண்டு வரும். இல்லாத கணக்குக்கு நேரே அவர்கள் பூஜ்யம் போட்டிருப்பார்கள். பாபு அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த முட்டையெல்லாம் எடுத்துடும்மா, தாளு பாக்கறதுக்கு சுத்தமா இருக்கட்டும்" என்பார். எடுத்துவிடுவேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. இருபது வருடம் பூஜ்யங்களை எடுத்தவள் நான்.

உன் கண்ணில் பிறவியிலேயே அழுத்தம் இருந்தது. எட்டு வயதில் வெளிச்சமும் போனது. அந்த வருடங்களைப் பற்றி உன்னிடம் நிறையப் பேசியிருக்கிறேன், இங்கே வேண்டாம். விடுதிப் பள்ளியில் பத்து முடித்து வீட்டுக்கு வந்தபோது, உன் கூடப் படித்த பையன் ஒருவன் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைச் சீடியில் போட்டுத் தந்தான். பாபு அண்ணன் கடையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்தது. அந்த மென்பொருள் கடையின் பழைய தமிழ் எழுத்துருவைப் படிக்காது, ஏதோ உளறும். உனக்காக நான் அது படிக்கக்கூடிய யூனிகோடில் அடிக்கப் பழகினேன். வேர்டில் போட்டால் அந்தக் கிழட்டு மெஷின் மூச்சுத் திணறி நின்றுவிடும், நோட்பேடு என்றால் உடனே திறக்கும். ஆகவே உன் பாடக் குறிப்பு, கல்லூரிக்குப் போகிற பஸ் நேரம், பரீட்சை அட்டவணை எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக அடித்துத் தந்தேன். நீ தனியாக விழுப்புரம் கல்லூரிக்குப் போய் வந்தாய். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எந்த நடைமேடையில் எந்த வண்டி நிற்கும் என்று எனக்கு நீதான் சொல்வாய்.

முதல் அட்டவணையை நான் உனக்குத் தந்த நாள் நினைவிருக்கிறதா? பரீட்சைத் தேதிகள். சுற்றிலும் சிறு கோடுகளால் சட்டம் போட்டு, நடுவில் செங்குத்துக் கோடுகளால் பத்தி பிரித்து, மேலே உள்ள மாதமே கீழேயும் என்பதற்குக் கடை வழக்கப்படி இரட்டைக் காற்புள்ளி வைத்து, என் பரீட்சைத் தாளைவிட அழகாகச் செய்திருந்தேன். நீ கேட்கத் தொடங்கினாய். டேஷ், டேஷ், டேஷ் என்று அது முடிவில்லாமல் சொல்லிக்கொண்டே போயிற்று. பிறகு செங்குத்துக் கோட்டுக்கு 'பார்', பிறகு காமா காமா. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "என்னாம்மா இது, தந்தி ஆபீசு மாதிரி இருக்குது" என்றாய். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ அதைப் பார்க்க முடியாது, ஆனாலும் தெரிந்துகொண்டாய். அருகில் வந்து மெதுவாகச் சொன்னாய்: "எனக்குக் கோடு வாணாம்மா. மேல சொன்னதயே கீழயும் திரும்ப சொல்லு, எனக்குப் போர் அடிக்காது. ஒண்ணும் இல்லன்னா இல்லன்னு எழுது. நீ சும்மா வுட்டா அது தாண்டிக்கினு போயிடும், எனக்கு அங்க ஒரு எடம் இருக்குதுன்னே தெரியாது."

அவ்வளவு தெளிவாக நீ சொல்லியிருந்தாய். கோடுகளை விட்டேன், காற்புள்ளியை விட்டேன். ஆனால் கண்ணுக்கு நேராக நிறுத்துகிற ஆசையை விட முடியவில்லை. பத்திகளை ஸ்பேஸ் பாரால் தள்ளித் தள்ளி நேர் செய்துதான் தருவேன். காலி இடம் வருகிற அட்டவணை அதிகம் வரவில்லை, வந்தபோது பாதி நாள் 'இல்லை' என்று எழுதினேன், பாதி நாள் மறந்தேன். பஸ் நேரத்தில் மறந்தால் நீ பத்து நிமிடம் வெயிலில் நிற்பாய், அவ்வளவுதான். அது ஒரு பாதுகாப்பான விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த பிறகு மாத்திரை அட்டவணையும் அந்தக் கோப்புகளோடு சேர்ந்தது. காலையும் இரவும் நான் கொடுப்பேன். மதியம் நான் கடையில் இருப்பேன், மற்ற நாள் மதிய மாத்திரையை அப்பாவிடம் மடித்துக் கொடுத்தனுப்புவேன்; வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை இல்லை, உனக்கும் கல்லூரி இல்லை, அன்று உன் பொறுப்பு. அட்டையை அடையாளம் தெரிய ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தோம். சர்க்கரை மாத்திரைக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு, சத்து மாத்திரைக்கு மூன்று. பழைய சீட்டில் எல்லா மாத்திரையும் மூன்று வேளைக்கும் இருந்தது, அதனால் அட்டவணையில் காலி இடமே இல்லை. 2013 தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை டாக்டர் சீட்டை மாற்றினார். சர்க்கரைக்கு வேகமான மாத்திரை ஒன்று புதிதாகக் கொடுத்தார். டாக்டர்கள் எழுதுகிறபடி அவர் ஒன்று, பூஜ்யம், அரை என்றுதான் எழுதியிருந்தார். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் அரை. நான் அன்று சாயங்காலம் அதைக் கம்ப்யூட்டரில் அடித்தேன். மேலே மாத்திரை, காலை, மதியம், இரவு என்று தலைப்பு. கீழே காலைக்கு நேரே ஒன்று, இரவுக்கு நேரே அரை என்று அடித்தேன், மதியத்துக்கு நேரே இருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டேன். யோசித்து எடுக்கவில்லை, கை எடுத்தது. பக்கம் சுத்தமாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளி என்றால் உன் அப்பா ஒரு வேளைதான் சாப்பிடுவார், சர்க்கரை வந்தும் அதை விடவில்லை. காலை மாத்திரைக்காக இரண்டு இட்லி சாப்பிட்டது மட்டும். மதியம் நீ கோப்பைத் திறந்தாய். காலி இடத்தை மென்பொருள் தாண்டிப் போய், மாத்திரையின் பேரைச் சொல்லி, "ஒன்று, அரை" என்றது. முதலில் வருவது காலை, அடுத்து வருவது மதியம். நீ கேட்டது சரி, புரிந்துகொண்டதும் சரி. சந்தேகப்பட்டு மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் அது அதையே சொன்னது. புது மாத்திரை மதியமுமா என்று அப்பாவிடம் நீ கேட்டதும், "டாக்டரு மாத்தியிருப்பாரு, குடு" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார். நாலு மணிக்குக் குளியலறை வாசலில் வியர்த்து, உளறி, விழுந்தார். நீ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஆட்டோ பிடித்து, எனக்கு போன் செய்து, அவர் வாயில் சர்க்கரையைத் தடவி, ஒன்றையும் விடாமல் செய்தாய். குளுக்கோஸ் ஏறியதும் பேச்சு வந்தது. இடுப்பு எலும்பு மட்டும் உடைந்திருந்தது, அதற்காக விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் வளவனூர் அத்தை, அப்பாவின் அக்கா. அவருக்குத் தம்பி மேல் உயிர். பயந்துபோயிருந்தார், பயத்தில் பேசினார் என்று இப்போது சொல்ல முடிகிறது. வராண்டாவில் எல்லார் காதிலும் விழும்படி, "கண்ணு தெரியாத புள்ள கையில மாத்திரைய குடுத்துட்டு இவ அங்க பொட்டி தட்டிக்கினு இருக்கா" என்றார். உன் தலையைத் தடவி, "நீ இனிமே இதெல்லாம் தொடாத ராசா" என்றார். அந்தத் தடவல்தான் உன்னை அதிகம் அடித்தது என்று நினைக்கிறேன். எனக்கோ வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் அடித்த தாள்தான் தப்பு என்று வாயைத் திறந்தால், அன்றோடு என் கடை வேலை முடிந்தது. பொட்டி தட்டத் தெரிந்த லட்சணம் இதுதானா என்று கேட்டு வீட்டில் உட்காரச் சொல்வார்கள், எனக்கு மறுத்துப் பேச ஒரு வார்த்தையும் மிஞ்சாது. காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை நான் வேறொரு ஆளாக இருந்தது அந்தக் கடையில் மட்டும்தான். உன் பெயரைக் காப்பாற்றுவதா, அந்த எட்டரை மணி நேரத்தைக் காப்பாற்றுவதா என்று நான் உட்கார்ந்து எடை போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

இது வரை நடந்ததை நீ ஒரு நாள் மன்னிக்கலாம். அடுத்ததை எழுதத்தான் மூன்று நாளாக இந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடினேன். சனிக்கிழமை காலை அப்பாவுக்கு மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் திண்டிவனம் வந்தேன். வீட்டில் யாருமில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு, திரையை அணைத்துவிட்டு, உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நாலு வருடத்தில் நான் அடித்துத் தந்த ஒன்றை உன்னைப்போல் உட்கார்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒன்று, அரை" என்றது. திரையைப் போட்டேன். மதியத்துக்குக் கீழே வெள்ளையாக, அளவாக, நேராக ஓர் இடம் இருந்தது. அங்கே கர்சரை வைத்துப் பூஜ்யத்தை அடித்துச் சேமித்தேன். இனி இப்படி ஆகக்கூடாது என்றுதான் திருத்தினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் திருத்தியதை உன்னிடம் சொல்லவில்லையே.

ஒன்பது நாள் கழித்து நாம் வீடு திரும்பினோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் நீ கம்ப்யூட்டருக்குப் போனாய். "காலியா எதுனா வுட்டிருந்தியாம்மா?" என்று வழியில் வண்டியில் கேட்டிருந்தாய், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். நான் வாசற்படியில் பையோடு நின்றேன். அது சொன்னது: ஒன்று, பூஜ்ஜியம், அரை. நீ மறுபடி போட்டாய். மறுபடி போட்டாய்.

"பூஜ்ஜியம்னு சொல்லுதும்மா."

"ம்."

"அன்னிக்கும் சொல்லியிருக்கும் இல்ல?"

"சொல்லியிருக்கும்" என்றேன்.

கோப்பு எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கடைசியாக மாற்றப்பட்டது என்று நீ பார்த்திருக்கலாம். அதைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்ததே நீதான். நீ பார்க்கவில்லை. உன் காதைச் சந்தேகப்பட உனக்குத் தோன்றியது, என்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அந்த ஜூன் மாதம் சென்னையில் எம்.ஏ. இடம் கிடைத்தும் போகவில்லை என்றாய். அப்பாவுக்கு இப்படி இருக்கும்போது எப்படிப் போவது என்று ஊருக்குச் சொன்னாய். அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ போய்விட்டால் அந்த இரண்டு அறையில் வாக்கரோடு நடக்கும் ஒரு மனிதரும் நானும் மட்டும். நீ இருந்தால் சாயங்காலம் உனக்கு வாசித்துக் காட்டுகிற சாக்கில் நானும் வாசிக்கலாம், உன்னோடு பேசுகிற சாக்கில் மனசில் இருப்பதைப் பேசலாம். உன்னை வைத்துத்தான் நான் அந்த வீட்டில் மூச்சு விட்டேன். என் பொய் உன்னைக் கதவுக்கு உள்ளேயே நிறுத்தியது, அதனால் எனக்கு ஆதாயமும் இருந்தது. தெரிந்தே மூன்று வருடம் அதை அனுபவித்தேன்.

விலை நீ கொடுத்தாய். கரண்ட் பில்லைப் பதினொரு தடவை கேட்பாய். போன் நம்பரை எழுதிவிட்டு, "சரியாம்மா?" என்பாய். விழுப்புரம் பஸ்ஸில் ஏறி, இது விழுப்புரம் போகுமா என்று கண்டக்டரை மூன்றாவது தடவை கேட்டபோது, "எத்தினி வாட்டி தம்பி கேப்ப, நாங்க எல்லாரும் இன்னா பாண்டிக்கா போறோம்" என்று அவர் சிரித்தார், பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு தனியாகப் பஸ் ஏறுவதைக் குறைத்துவிட்டாய். ஒவ்வொரு தடவையும் நீ "சரியாம்மா?" என்று கேட்கும்போது சரி என்பேன், அதற்கு நீ தேங்க்ஸ் சொல்வாய்.

இந்த மூன்று வருடத்தில் நீ ஒன்றைச் செய்தாய். உன்னைப்போல் தப்பாகக் கேட்கிறவனும் தப்ப முடிகிற மாதிரி எழுத வேண்டும் என்று ஒரு முறையை உருவாக்கினாய். எடுத்தவுடன் இதில் எத்தனை வரி, ஒவ்வொரு வரியிலும் என்னென்ன வரும் என்று ஒரு வாக்கியம். பிறகு ஒவ்வொரு வரியும் தன் காலில் நிற்க வேண்டும், மேல் வரியையோ தலைப்பையோ நம்பக் கூடாது. சர்க்கரை மாத்திரை, காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு அரை. இப்படி எழுதினால் நடுவில் நாய் குரைத்து ஒரு சொல் காதில் விழாமல் போனாலும் அரை மதியத்துக்குப் போகாது. இல்லை என்பதற்கும் தெரியவில்லை என்பதற்கும் வெவ்வேறு சொல் போடச் சொன்னாய். பெரிய அட்டவணை என்றால் படிக்கிறவன் முதலில் எதைத் தேடுவான் என்று யோசித்து அதை வரியின் தொடக்கத்தில் வைத்தாய். மல்லாட்டை விலையில் ஊர் முதலில், ஏனென்றால் விவசாயி எந்தச் சந்தைக்குப் போகலாம் என்றுதான் தேடுகிறான். இணையப் பக்கமாக மாறப்போகிற கோப்பு என்றால் செங்குத்துக் கோட்டால் பிரித்து, முதல் வரி தலைப்பு என்று குறித்துவிடலாம், அங்கே ஒவ்வொரு கட்டமும் தன் தலைப்பைத் தானே சொல்லும். ஆனால் வெறும் கோப்பாகக் கையில் தருவதற்கு அது ஆகாது என்றாய். விடுதி நண்பர்கள் ஒவ்வொருவராக உன் கோப்புகளை வாங்கிப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன் முறை சரி. நீ அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு. கேட்கிறவன் தப்பாகக் கேட்டான் என்பதால் அது தேவைப்படவில்லை. எழுதினவள் தன் கண்ணுக்கு அழகாக எழுதினாள் என்பதால் தேவைப்பட்டது. நீ எழுதுவதை நம்பி ஒருவன் மாத்திரை போடலாம். நான் எழுதியதை நம்பித்தான் போட்டிருக்கக் கூடாது. அங்கே என்னைப்போல் கண் தெரிந்த டைப்பிஸ்டுகள் உன்னோடு வேலை செய்வார்கள். கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், பக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்த்துத் திருப்திப்படுவார்கள். திரையை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல். திட்டாதே, அவமானப்பட்டவள் உடனே மறைக்கத்தான் பார்ப்பாள். தப்பு நடந்தால் யாரும் கை வைப்பதற்கு முன் அந்தக் கோப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து வை. அது உன் அம்மாவாக இருந்தாலும் சரி.

போ அருள். அப்பாவுக்காக நிற்க வேண்டாம், அவர் உன்னை நிற்கச் சொல்லவில்லை. எனக்காக நிற்கவே வேண்டாம். நீ இல்லாத வீட்டில் எனக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்ப நினைக்கிறேன். என்னைப் பற்றி நாலு பேர் பேசுவது எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும். ஆனால் கண்ணு தெரியாத பையன் மாத்திரையை மாற்றிக் கொடுத்தான் என்ற கதையை வளவனூரிலிருந்து ஒலக்கூர் வரை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்லியிருக்கிறார்கள், நானும் பந்தியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அது போன இடத்துக்கெல்லாம் இதுவும் போக வேண்டும். நீ வேண்டாம் என்றால் அனுப்பவில்லை.

அம்மா

அச்சுக்குக் கொடுக்கும் முன் மேலும் சில வரிகள் சேர்க்கிறேன். சனிக்கிழமை காலை இந்தக் கோப்பை உன் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் நான் வந்தபோது நீ அப்பாவுக்கும் அதைக் கேட்க வைத்திருந்தாய். இரண்டு பேரும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நீ உன் அப்பாவோடு ஆட்டோவில் போனாய், நான் நடந்து வந்தேன். திங்கட்கிழமை காலை பெட்டியை நீயே கட்டிக்கொண்டு, தனியாகச் சென்னைப் பேருந்து ஏறினாய். அத்தையிடம் நான் போனில் சொன்னேன், அவர் முழுவதும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். கடை வேலை போகவில்லை, யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. இதை அச்சில் போடலாமா என்று அப்பா மூலமாகக் கேட்டதற்கு, போடட்டும் என்றாயாம். நீ போய் ஆறு வாரம் ஆகிறது. தினமும் அப்பாவோடு போனில் பேசுகிறாய். என்னோடு இன்னும் பேசவில்லை.